மஞ்சள் கும்பாவிலிருந்து லாங்டாங் வரை

அக்டோபர் 27, 2023, வெள்ளி. காத்மாண்டு

சுயம்புநாத் குன்றில் காலை ஏழு மணிக்கே கூட்டம். பாட்டிகள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஸ்தூபியைச் சுற்றுகிறார்கள். அவர்கள் இறைக்கும் அரிசியைப் புறாவும் குரங்கும் போட்டி போட்டுப் பொறுக்குகின்றன. நானும் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஆனால் நான் தேடி வந்த இடம் வேறு. அங்கிருந்து விசாரித்துக்கொண்டே நடந்தால் பக்கத்து மேட்டில் மஞ்சள் சுவர்களோடு ஒரு மடாலயம் வரும். புன்ட்சோக் சோலிங் என்பது அதன் பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் வழியில் ஒருவருக்கும் தெரியவில்லை. 'யெல்லோ கும்பா' என்றதும் கை நீட்டிக் காட்டிவிட்டார்கள். இங்கே பௌத்த மடத்துக்குக் கும்பா என்று பெயர்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை பகல் 11:56 மணிக்கு நேபாளத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அளவு 7.8. காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில் லாங்டாங் என்ற ஊர் இருந்தது. ஊருக்கு நேர் மேலே நிற்கும் லாங்டாங் லிருங் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து அதன் தலையில் விழுந்தன. ஹிரோஷிமா குண்டில் பாதி அளவு ஆற்றல் என்று பின்னால் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சில நிமிடங்களில் ஊரே இல்லை. தப்பியவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்தபோது, அவர்கள் தங்க இடம் கொடுத்தது இந்த மஞ்சள் கும்பா. ஏறக்குறைய 500 பேர் இதன் மைதானத்தில் தார்ப்பாய்க்குக் கீழே மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். லாங்டாங் ஊரைத் திரும்பக் கட்டுவதற்கான கமிட்டியும் இங்கே இருந்தபடிதான் வேலை பார்த்தது.

இதைப் படித்த நாளிலிருந்து இங்கே வரவேண்டும் என்று இருந்தேன். நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினொரு வயது. கடல் எங்கள் தெருவை எடுத்துக்கொண்ட பிறகு முதல் சோறு நாகூர் தர்காவில்தான் சாப்பிட்டோம். இறந்தவர்களைப் புதைக்க நிலமும் தர்கா கொடுத்தது. ஒரு வழிபாட்டு இடம் ஒரு ஊரை மடியில் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மைதானம் இப்போது காலியாக இருக்கிறது. சின்னத் துறவிப் பையன்கள் மெரூன் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயா 500 பேர் என்று தோன்றும் அளவுக்குத்தான் இடம். விளக்கறைக்குப் பொறுப்பான முதிய லாமா எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார். எங்கிருந்து, எதற்கு என்று கேட்டார். லாங்டாங் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "மேலே குளிரும், தொப்பி வாங்கிக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

சுற்றுலாக்காரர்கள் கூடும் கடைவீதியான தமேலில் கம்பளித் தொப்பி 400 நேபாள ரூபாய். நம் பணம் 100, அவர்களுக்கு 160. மனதுக்குள் வகுத்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

அக்டோபர் 28, சனி. ஸ்யாப்ருபேசி

தசைன் பண்டிகையின் கடைசி நாள், பௌர்ணமி. ஊருக்குப் போய்த் திரும்புகிற கூட்டமும் திக்கா வாங்கப் போகிற கூட்டமும் ஒரே ஜீப்பில். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பேர். எல்லார் நெற்றியிலும் சிவப்பு அரிசித் திக்கா அப்பியிருந்தது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரண்டு அரிசி என் மடியில் உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த அம்மா அதைத் தட்டிவிட வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தார். அது ஆசீர்வாதம்.

என் வழிகாட்டி ரசுவா மாவட்டத்துத் தமாங் இனத்து இளைஞன், இருபத்தாறு வயது. அவன் என்னை 'தாஜு' என்கிறான், அண்ணன் என்று பொருள். நான் தம்பி என்று கூப்பிடுகிறேன். அர்த்தம் கேட்டுக்கொண்டபின் அதற்கே திரும்பிப் பார்க்கிறான்.

திரிசூலியில் பருப்பு சாதம் 300 ரூபாய். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய். கேட்கக் கேட்கப் போடுகிறார்கள், மறுசோறுக்குத் தனிக்காசு கிடையாது. ராம்சே அருகே மலைச்சரிவு. மண் தள்ளும் எந்திரம் வேலை செய்து முடிக்கும்வரை இரண்டரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் பையிலிருந்து சேல் ரொட்டியை எடுத்து முன்பின் தெரியாத எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. அரிசி மாவில் வளையமாகச் சுட்டது. நம் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி ஒரு ருசி.

துன்சேயில் தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டு. சார்க் நாட்டவருக்கு 1,500 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. ஸ்யாப்ருபேசி வந்து சேர இருட்டிவிட்டது. மலைக்கு மேலே பௌர்ணமி நிலா, கீழே ஆற்றுச் சத்தம், முதுகெலும்பு முழுக்க ஜீப்.

அக்டோபர் 29, ஞாயிறு. லாமா ஹோட்டல்

லாமா ஹோட்டல் என்பது ஒரு விடுதியின் பெயரல்ல, ஊரின் பெயர். உயரம் 2,480 மீட்டர். காலையில் கிளம்பிய இடம் 1,500-ஐ ஒட்டி. இன்று முழுக்க மூங்கிலும் ஓக் மரங்களுமாகக் காடு, பக்கத்திலேயே லாங்டாங் ஆறு இரைந்துகொண்டே வருகிறது. ஒரு பாறை முகட்டில் காட்டுத் தேனடைகள் கறுப்புத் தட்டுகள் போலத் தொங்கின. சாம்பல் மந்திகள் ஒரு கூட்டம்.

மூங்கில் என்றே பெயருள்ள 'பாம்பூ' நிறுத்தத்தைத் தாண்டியதும் வலது கால் பூட்ஸின் அடி பிளந்து வாயைத் திறந்தது. ஆறு வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸ், பசை காய்ந்துபோயிருக்கிறது. தம்பி தன் பையிலிருந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினான். ரிம்சே ஏற்றத்தை அப்படியே ஏறினேன். இங்கே தங்கின விடுதியில் அடுப்படியிலிருந்த பெரியவர் நான் கேட்காமலேயே பூட்ஸை வாங்கிப் பார்த்தார், சாக்கு ஊசியும் நைலான் நூலும் எடுத்துவந்தார். ஒரு மணி நேரம். ஒவ்வொரு தையலையும் பல்லால் இழுத்து இறுக்கினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "நாளைக்குப் போகிற இடம் கல்லு. நூல் அறுந்தா அங்கே யாராவது தைப்பாங்க" என்றார் என்று தம்பி சொன்னான்.

அக்டோபர் 30, திங்கள். லாங்டாங்

கோடா தபேலாவில் காடு முடிந்து பள்ளத்தாக்கு விரிகிறது. உயரம் 3,000-ஐத் தாண்டியாயிற்று. ராணுவச் சாவடியில் பெயர் பதிந்தோம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நிழலுக்குள் போனால் பல் கிட்டுகிறது. வழியெல்லாம் நீரோடையில் சுழலும் ஜெபச் சக்கரங்கள். தண்ணீர் ஓடும்வரை ஜெபமும் ஓடும்.

மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு வளைவைத் திரும்பியதும் பச்சை நின்றுபோனது. எதிரே சாம்பல் நிறக் கற்களும் மண்ணும் மேடு மேடாக, மலையடிவாரத்திலிருந்து ஆறு வரைக்கும். முதலில் அது ஆற்றுப்படுகை என்றுதான் நினைத்தேன். "இதுதான் பழைய ஊர், தாஜு" என்றான் தம்பி.

அதன் மேல்தான் பாதை போகிறது. வேறு வழி கிடையாது. 200 பேருக்கு மேல் இறந்த இடம், அவர்களில் பலர் இன்னும் இதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். நடக்கக் கால் கூசியது. பூட்ஸைக் கழற்றவேண்டும் போல இருந்தது, கல்லில் அது முடியாது. கோவேறு கழுதைகள் எரிவாயு சிலிண்டரைச் சுமந்துகொண்டு மணியோசையோடு எதிரே வந்தன. ஒதுங்கி நின்றபோது ஆற்றுக்கு அக்கரையைப் பார்த்தேன். சரிவிலிருந்து கிளம்பிய காற்றே அந்தப் பக்கத்துக் காட்டைச் சாய்த்திருக்கிறது. எட்டு வருடம் கழித்தும் அடிமரங்கள் ஒரே திசையில் தலை வைத்துக் கிடக்கின்றன. இங்கே பாறை முகட்டுக்கு அடியில் ஒதுங்கியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. அதையும் காட்டினான்.

நினைவிடத்தில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். நான் அவசரத்தில் அதற்கு வலதுபக்கமாகப் போகப் பார்த்தேன். முதுகில் விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று, சுமையை இறக்காமலேயே, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இடதுபக்கமாகப் போ, பெயர்கள் உன் வலது தோள் பக்கம் இருக்கட்டும். மந்திரக் கற்களை அடுக்கிய மானிச் சுவருக்கும் ஸ்தூபிக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை. திரும்பி வந்து சரியான பக்கமாக நடந்தேன். ஒரே குடும்பப் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நாகையிலும் இப்படி ஒரு பலகை உண்டு. அதில் எனக்குத் தெரிந்த பெயர்களை இன்றுவரை நின்று படித்ததில்லை. இங்கே முன்பின் தெரியாதவர்களின் பெயர்களைக் கடைசி வரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அந்த விறகு அம்மாவின் விடுதியில்தான் தங்கினோம். புது லாங்டாங் சரிவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, 3,430 மீட்டரை ஒட்டி. நீலமும் பச்சையுமாகத் தகரக் கூரைகள், எங்கும் 'ரூம் அவைலபிள்' பலகை. அறை 500 ரூபாய், பருப்பு சாதம் 750. ஒவ்வொரு மூட்டை அரிசியும் முதுகிலோ கழுதை மேலோ வருகிற இடம், விலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நேபாளியில் அம்மாவுக்கு ஆமா. எல்லாரும் அவரை ஆமா என்றே கூப்பிடுகிறார்கள், நானும். ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது, நாகப்பட்டினத்தில் எங்களுக்கு நடந்ததைத் தம்பியிடம் சொல்லி, அவரிடம் சொல்லச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார்.

அன்றைக்கு அவர் மாடுகளோடு மேலே இருந்திருக்கிறார். கீழே வரவேண்டிய நாள், ஒரு கன்று அடம்பிடித்ததால் தாமதம். வீட்டில் இருந்தவர்கள் யாருமில்லை. எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஹெலிகாப்டரில் போய் இறங்கினபோது காத்மாண்டு வெயில் தாங்கவில்லையாம். குளிர் மலையிலேயே பிறந்து வளர்ந்த கிழவர்கள் கூடாரத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். அப்புறம் மழைக்காலம் வந்தது, தரையெல்லாம் சேறு. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தோம், அதுதான் என்றார். உதவியாக எது வந்தாலும் கமிட்டி எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தது.

கும்பாவில் லாமாக்கள் 49 நாள் சடங்கு செய்தார்கள். செத்தவர் அடுத்த பிறவிக்குப் போகிறவரை 49 நாள் வழி தெரியாமல் அலைவார் என்பது இவர்கள் நம்பிக்கை. வாரத்துக்கு வாரம் பூஜை செய்து வழி காட்டவேண்டும், கடைசியில் கேவா என்ற பெரிய சடங்கோடு அனுப்பிவைக்கவேண்டும். ஊரில் இறந்தவர்களில் லாமாக்களும் உண்டு. உடல் இல்லை, வீடு இல்லை, ஊர்க் கும்பா கைக்கு எட்டாத தூரத்தில். ஜூன் இரண்டாவது வாரத்தில் 49 நாள் முடிந்தபோது அந்த மைதானத்தில் மொத்த ஊரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதது. "அதுக்கப்புறம்தான் கல்லு, தகரம், வீடுன்னு பேசவே முடிஞ்சது" என்றார் ஆமா.

இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கருமாதிகூட முறையாக நடக்கவில்லை. மொத்தமாகப் புதைத்தோம், அடுத்த நாளே நிவாரண வரிசையில் நின்றோம். அரிசி வந்தது, படகு வந்தது, வீடு வந்தது. அழுவதற்கு ஒரு இடமும் 49 நாளும் யாரும் கொடுக்கவில்லை, அதை நாங்கள் கேட்கவும் இல்லை. அப்பா இன்றைக்கும் டிசம்பர் மாதம் பேசமாட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் பலர் மேலே திரும்பிவிட்டார்கள். அரசாங்கம் வீட்டுக்கு 3 லட்சம் ரூபாய், மூன்று தவணையில். ரோடு இல்லாத ஊரில் அது எவ்வளவு தூரம் வரும்? கமிட்டி திரட்டிய பணமும், சொந்தக் கையும், கடனும் சேர்ந்துதான் இந்தக் கூரைகள்.

தூங்கப் போகுமுன் வெளியே வந்தபோது சுவரோரம் விறகு அடுக்கியிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே போர்த்தியிருந்தது ஒரு நீலத் தார்ப்பாய். ஓரம் நைந்துபோய், ஓட்டைகளில் துணி வைத்துத் தைத்திருந்தது. ஒரு மூலையில் கறுப்பு மையால் எழுதிய எண், பாதி அழிந்து 7 மட்டும் தெரிந்தது. கும்பாவில் அவர்கள் குடியிருந்த கூடாரத்தின் எண்ணாம் அது. தம்பி காலையில் கேட்டுச் சொன்னான்.

அக்டோபர் 31, செவ்வாய். கியான்ஜின் கும்பா

மூன்று மணி நேர நடை. நடுவே மிக நீண்ட மானிச் சுவர்கள், ஒவ்வொரு பலகைக் கல்லிலும் மந்திரம் செதுக்கியது. 3,870 மீட்டரில் தலைவலி பிடித்துக்கொண்டது. பூண்டு சூப், வெந்நீர், படுக்கை. நாளை சேர்கோ ரி சிகரம் ஏறும் திட்டத்தைக் கைவிட்டேன், வருத்தமில்லை.

சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து பாலாடைக்கட்டிப் பண்ணைக்குப் போனோம். 1950-களில் சுவிஸ் உதவியோடு ஆரம்பித்தது. யாக் சீஸ் என்று கேட்டேன், தம்பி திருத்தினான்: யாக் என்றால் காளை, பால் கொடுப்பது நக். கெட்டியாக, லேசாகப் புளித்து, மென்றுகொண்டே இருக்கலாம். இங்கே விளையும் சீபக்தார்ன் பழச்சாற்றைச் சூடாகத் தருகிறார்கள், ஆரஞ்சு நிறத்தில், நாக்கைச் சுண்டும் புளிப்பு. 250 ரூபாய். தினமும் குடிப்பேன், கிடைத்தால். ராத்திரி தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டிலில் காலையில் பனிக்கட்டி.

நவம்பர் 1, 2. இறக்கம்

இறங்கும் வழியில் ஆமாவின் விடுதியில் தேநீர். கிளம்பும்போது வெள்ளைக் காதாத் துணியை என் கழுத்தில் போட்டார். பிறகு இடுப்புப் பையிலிருந்து மடித்த 100 ரூபாய்த் தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். மஞ்சள் கும்பாவில் ஐந்து விளக்கு ஏற்றவேண்டும். என் காசில் ஏற்றுகிறேன் என்றேன். கூடாது, விளக்கு என் காசில்தான் எரியவேண்டும் என்றார். பெயர் சொல்லவேண்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். வேண்டாம், யாருக்கென்று அவருக்குத் தெரியும் என்றான்.

தையல் ஸ்யாப்ருபேசி வரை தாங்கியது. முழங்கால்தான் தாங்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி. காத்மாண்டு

ஜீப், தூசி, குளியல், மோமோ ஒரு தட்டு 180 ரூபாய். பத்து மணிக்கே தூங்கிவிட்டேன்.

11:47-க்குக் கட்டில் நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி படபடத்தது. ஏதோ லாரி என்றுதான் அரைத் தூக்கத்தில் நினைத்தேன், மேஜை மேலிருந்த டம்ளர் தானாக ஊர்ந்ததைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன். தெருவில் எல்லாரும் போர்வையோடு நின்றார்கள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற விடுதிச் சமையல்காரர் தன் சால்வையின் பாதியை என் தோளில் போட்டார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம்.

நவம்பர் 4, சனி. காத்மாண்டு

நிலநடுக்கம் மேற்கே ஜாஜர்கோட் மாவட்டத்தில். விடிவதற்குள் சாவு நூறைத் தாண்டிவிட்டது, இரவுக்குள் 150-ஐயும். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள், எல்லாரும் தூங்கும் நேரம்.

காலையில் தம்பி வந்தான், இருவரும் மஞ்சள் கும்பாவுக்கு நடந்தோம். ஆமாவின் 100 ரூபாயைக் கொடுத்து ஐந்து விளக்கு வாங்கினேன், என் காசில் இன்னும் கொஞ்சம். முதிய லாமா பித்தளைக் கிண்ணங்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வழக்கத்தைவிட நிறையக் கிண்ணங்கள். திரியைப் பற்றவைக்கும்போது எனக்குத் தெரிந்த பெயர்களை மனதுக்குள் சொன்னேன். எங்கள் தெருப் பெயர்கள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

வெளியே மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பியின் போன் அடித்தது. லாங்டாங்கிலிருந்து ஆமா. நாங்கள் நன்றாக இருக்கிறோமா, விளக்கு ஏற்றியாயிற்றா என்று கேட்டார். பிறகு ஜாஜர்கோட்டைப் பற்றிக் கேட்டார். அங்கே குளிருமா என்றார். குளிரும் என்றான் தம்பி. ஜனங்கள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்றார். வயலில் என்று செய்தியில் காட்டினார்கள் என்றான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு ஆமா நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மேலே போர்த்தத் தார்ப்பாய் கொடுத்தால் மட்டும் போதாது. கீழே விரிக்கவும் ஏதாவது கொடுக்கவேண்டும், வைக்கோலாவது. ராத்திரியில் ஈரம் தரையிலிருந்துதான் ஏறும். கிழவர்களை நடுவில் படுக்கவைக்கவேண்டும். ஒரு ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் வைக்கவேண்டும், பிரிக்கக்கூடாது. இதை அவர்களிடம் சொல்லிவிடு.

யாரிடம் என்று தம்பி கேட்கவில்லை. "சொல்லிடறேன், ஆமா" என்றான்.